மூச்சுவாலா

மூச்சை அடக்கினால் திருடன் சிக்குவான் என்று பத்து வருஷம் நம்பியிருந்தவன் நான். நம்பியதோடு நிறுத்தியிருந்தால் நஷ்டம் எனக்கு மட்டும்தான். தெருவில் நாலு பயல்களுக்குச் சொல்லியும் கொடுத்தேன். அதில் ஒருவன் முல்லையாற்றுப் படித்துறையில் தலையை முக்கிப் பயிற்சி எடுத்து, மூக்கில் தண்ணீர் ஏறி, இரண்டு நாள் விடாமல் தும்மினான். அவன் அம்மா எங்கள் வீட்டு வாசலில் நின்று கேட்ட கேள்விகளை இங்கே எழுத முடியாது. ஒன்றுக்குக்கூட என்னிடம் பதில் இல்லை என்பதை மட்டும் எழுதலாம்.

இத்தனைக்கும் காரணம் ஒரு மசால் வடை.

1985 வாக்கில் நடந்தது. தேனி அப்போது மதுரை மாவட்டத்துக்குள் இருந்தது. எங்கள் ஊர் உத்தமபாளையத்துக்கும் கம்பத்துக்கும் நடுவில். அப்பா கம்பத்தில் ஒரு ஏலக்காய்க் கடையில் கணக்கு எழுதினார். சனிக்கிழமை சம்பளம். அன்றைக்கு மட்டும் பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் நாலு மசால் வடை கட்டிக்கொண்டு வருவார். வடை எனக்கும் தம்பிக்கும். பேப்பர் எனக்கு மட்டும்.

அந்தப் பேப்பருக்கு ஒரு பயணம் உண்டு. மலைக்கு மேலே வண்டன்மேடு, குமுளி, வண்டிப்பெரியாறு பக்கத்து எஸ்டேட் பங்களாக்களில் படித்துத் தீர்த்த காகிதமெல்லாம் மூட்டையாகி, ஏலக்காய் மூட்டை இறங்குகிற அதே ஜீப்பில் கம்பத்துக்கு இறங்கும். அங்கிருந்து எடைக்கடை. எடைக்கடையிலிருந்து வடைக்கடை. பெரும்பாலும் மலையாளம்தான் வரும். டாம்ஸ் 1957-லிருந்து வரைந்துவந்த போபனும் மோளியும் எனக்கு அப்படித்தான் அறிமுகம். மலையாள மனோரமா வார இதழின் கடைசிப் பக்கத்தில் அப்போது வந்துகொண்டிருந்த இரண்டு வாண்டுகள் அவர்கள். கேரளத்தில் பத்திரிகையைக் கடைசிப் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பிக்கும் பழக்கத்துக்கே அவர்கள்தான் காரணம் என்பார்கள். எழுத்து புரியாது. படத்தைப் பார்த்துச் சிரித்துக்கொள்வேன்.

ஒரு சனிக்கிழமை மலையாளம் வரவில்லை. ஆங்கிலம் வந்தது. மேலே ஒரு ஓரத்தில் ‘டார்கெட்’ என்று போட்டிருந்தது. கட்டம் கட்டமாகப் படம். படத்தில் ஒரு ஆள். ஆளைவிட அகலமாக ஒரு மீசை. பக்கத்தில் ஒரு நாய். அந்தக் கதை என்ன வழக்கு, யார் திருடன் என்று கேட்டுவிடாதீர்கள். கடைக்காரர் வடையின் அளவுக்கு ஏற்றபடி பேப்பரைக் கிழிக்கிறவர், கதையின் அளவு அவருக்குக் கணக்கில்லை. எனக்குக் கிடைத்தது முக்கால் பக்கம். அதிலும் நடுக் கட்டத்தில் வடை உட்கார்ந்து எழுந்திருந்தது. ஆக, நான் பார்த்தது ஒரு ஆள், ஒரு நாய், ஒரு எண்ணெய் வட்டம்.

தலைப்பை எழுத்துக் கூட்டினேன். நான் தமிழ் வழி. ஆங்கிலம் அப்போதுதான் பள்ளியில் தலைகாட்ட ஆரம்பித்திருந்தது. ‘டிடெக்டிவ்’ என்பதைப் பக்கத்து வீட்டு அண்ணன் ‘துப்பறிகிறவர்’ என்று சொல்லிவிட்டார். அடுத்த சொல்லுக்கு அவரும் கை விரித்துவிட்டார். எம், ஓ, ஓ, சி, எச், இன்னொரு எச். அப்புறம் வாலா. ‘வாலா’ எனக்குத் தெரியும். சிவகாசி எங்களுக்குத் தூரமில்லை. நூறுவாலா, ஆயிரம்வாலா என்று தீபாவளிக்குச் சரவெடி வரும். ஆயிரம்வாலாவில் ஆயிரம் வெடி இருக்கிறதென்றால், மூச்சுவாலாவிடம் என்ன இருக்க வேண்டும்? மூச்சு. எச் இரண்டு முறை வந்ததற்கும் விளக்கம் கிடைத்துவிட்டது. ஒன்று உள்மூச்சு, இன்னொன்று வெளிமூச்சு.

சித்தாந்தம் முழுசாக உருவாக அரை மணி நேரம்கூட ஆகவில்லை. மூச்சுவாலா என்பவர் மூச்சை அடக்கிக்கொண்டு மறைந்திருந்து திருடனைப் பிடிக்கிறவர். மூச்சுச் சத்தம் கேட்டால் திருடன் உஷாராகிவிடுவான் அல்லவா? பிறகு எதற்கு அத்தனை பெரிய மீசை? மூக்குத் துவாரத்தை மூடத்தான்! ஏதாவது ஒன்று தெரியாமல் போனால் அதை அப்படியே விட்டுவிடும் பக்குவம் எனக்கு அன்றைக்கும் இல்லை. உடனே ஒரு விளக்கம் கண்டுபிடித்துவிடுவேன்.

நாயின் பெயர் பி, ஓ, ஓ, சி, எச். பூச். எங்கள் வீட்டு நாய் மணிக்கு அன்றிரவே பூச்சி என்று பெயர் மாற்றினேன். அது செத்துப்போகிற வரை மணி என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்த்தது.

வகுப்பில் அப்போது வேறு காலம் நடந்துகொண்டிருந்தது. 1972-ல் இரும்புக்கை மாயாவியோடு ஆரம்பித்த முத்து காமிக்ஸ், 1984-ல் வந்து சேர்ந்த லயன் காமிக்ஸ், ராணி காமிக்ஸ் என்று பயல்கள் கைமாற்றிக் கைமாற்றிப் படித்தார்கள். வீட்டில் தினத்தந்தி வாங்குகிறவன் கன்னித்தீவை மறுநாள் வகுப்பில் ஒப்பிப்பான். அவர்கள் படித்தது முழுக்கதை. தொடரும் போட்டிருந்தால் அடுத்தது வரும் என்ற உத்தரவாதம் இருந்தது. நான் என்ன செய்தேன்? எண்ணெய் ஊறிய என் முக்கால் பக்கத்தை நோட்டுக்குள் வைத்துக்கொண்டு, “இதெல்லாம் இங்கிலீஷ்டா, ஒங்களுக்குப் புரியாது” என்றேன். எனக்கும் புரியாது என்ற விவரத்தை நான் வெளியிடவில்லை. மாயாவியைப் படிக்க உள்ளுக்குள் ஆசை பொங்கியது. கௌரவம் விடவில்லை. கடைசியில் தம்பி இரவல் வாங்கி வந்ததை, அவன் தூங்கின பிறகு சிம்னி வெளிச்சத்தில் திருட்டுத்தனமாகப் படித்தேன்.

பக்கத்தை நகல் எடுக்கவும் முயன்றேன். எண்ணெய் பட்ட காகிதத்துக்கு ஒரு குணம் உண்டு. கண்ணாடி மாதிரி ஆகிவிடும், பின்பக்கம் முன்பக்கத்தில் தெரியும். என் பக்கத்துக்குப் பின்னால் ஒரு சத்துபான விளம்பரம். ஒரு பையன் டம்ளரைக் காலிசெய்துவிட்டு மேலுதட்டில் பால் மீசையோடு சிரிக்கிறான். வெயிலில் தூக்கிப் பிடித்து, மேலே நோட்டுத் தாளை வைத்துக் கோடு இழுத்தேன். துப்பறிகிறவரின் மீசையும் பையனின் பால் மீசையும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து, எனக்குக் கிடைத்தது டம்ளருக்கு மீசை முளைத்த ஒரு படம். அதை வாத்தியாரிடம் காட்டினேன். “சிலந்திப் பூச்சியா?” என்று பிரியமாகக் கேட்டார். ஆமாம் சார் என்று சொல்லிவிட்டேன்.

இனி வழக்கு.

சித்தப்பாவுக்குக் காமயகவுண்டன்பட்டி பக்கம் பன்னீர் திராட்சைப் பந்தல். 1832-ல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்த கொடி என்று சொல்கிறார்கள். 2023-ல் கம்பம் பன்னீர் திராட்சை என்று புவிசார் குறியீடும் வாங்கிவிட்டது. மற்ற ஊர்களில் திராட்சைக்கு ஒரு பருவம் இருக்கும். எங்கள் பள்ளத்தாக்கில் கிடையாது. வருஷம் முழுக்க ஏதாவது ஒரு பந்தலில் காய் தொங்கும். அதனால் திருட்டுக்கும் பருவம் கிடையாது.

“ராத்திரிக்கு ராத்திரி குலை குறையுது” என்று சித்தப்பா ஒரு நாள் அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். காதில் விழுந்தது. அந்த வாரக் கடைசியில் பூச்சி என்கிற மணியோடும் சித்தி மகனோடும் பந்தலுக்குப் போய்விட்டேன். இரவுக் காவல். சித்தி மகன் எட்டு மணிக்கே சாக்கை விரித்துத் தூங்கிவிட்டான். நான் பந்தல் கல்லுக்குப் பின்னால் உட்கார்ந்து மூச்சை அடக்கினேன். நாற்பது வரை எண்ணினேன். காது அடைத்தது. நாற்பத்தி ஒன்றில் நான் விட்ட மூச்சைக் கேட்டு மணி பயந்து குரைத்து, அது குரைத்ததைக் கேட்டு அடுத்த தோட்டத்து நாய்கள் குரைத்து, சுருளிப்பட்டி வரைக்கும் போயிருக்கும் சத்தம். அந்த ஏற்பாட்டில் எந்தத் திருடன் வருவான்? காத்திருந்து காத்திருந்து பசித்தது. தலைக்கு மேலே கொத்துக் கொத்தாகப் பழம். சோதனைக்காக ஒரு பழம் சாப்பிட்டேன். சாட்சிப் பொருளின் தரம் தெரிய வேண்டாமா?

விடிந்ததும் தடயம் தேடினேன். கிடைத்தது. பம்பு ரூம் கதவில் நீல விரல் ரேகை. கிணற்றுக் கயிற்றில் நீலம். மண்பானை விளிம்பில் நீலம். கொடியில் காய்ந்த துண்டில் முழுசாக ஒரு நீலக் கை. நோட்டில் குறித்துக்கொண்டேன்: குற்றவாளிக்குக் கை நீலம். திராட்சைத் தோட்டத்தில் வேலை செய்கிற அத்தனை பேருக்கும் கை நீலம்தான் என்பது எனக்கு எட்டவில்லை. மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கரைத்துப் பூஞ்சைக்கு அடிப்பார்கள், போர்டோ மருந்து என்று பெயர். அந்த மருந்தின் கதை வெகு நாள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. பிரான்சில் போர்டோ பக்கத்துத் தோட்டக்காரர்கள் அந்த நீலத்தை ரோட்டோரக் கொடிகளில் முதலில் தெளித்தது நோய்க்காக இல்லையாம். போகிற வருகிறவர்கள் பழம் பறித்துத் தின்னாமல் இருக்கத்தானாம். பார்க்க விஷம் மாதிரி இருக்கும், கசக்கவும் செய்யும். 1882-ல் மில்லார்டே என்ற தாவரவியல்காரர் அந்தப் பக்கம் போனபோது, ரோட்டோரக் கொடிகளில் மட்டும் நோய் இல்லாததைக் கவனித்தார். 1885-ல் அதை மருந்தாகவே அறிவித்தார். திருடனைத் துரத்த வைத்ததில் ஒருவர் மருந்தைக் கண்டுபிடித்தார். அதே நீலத்தில் நான் கண்டுபிடித்தது சித்தப்பாவை.

மத்தியானம் பந்தியில் எல்லோரும் உட்கார்ந்திருந்தபோது எழுந்து நின்றேன். “திருடன் இந்த எடத்துலதான் இருக்கான்” என்றேன். அப்பத்தா ரசத்தை ஊற்றிக்கொண்டே, “யார்றா அவன்?” என்றாள். சித்தப்பாவின் கையைக் காட்டினேன். அன்றைக்கு அங்கே இருந்தவர்களில் அவர் கைதான் அதிக நீலம்.

சித்தப்பா கோபிக்கவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார்:

“என் தோட்டத்துல நானே திருடுனேங்குற?”

“ஏன், திருடக் கூடாதா?” என்றேன். துப்பறிகிறவன் யாரையும் விலக்கக் கூடாது.

“சரி. கிட்ட வா. வாயத் தொற.”

திறந்தேன்.

“நாக்க நீட்டு.”

நீட்டினேன். பன்னீர் திராட்சையின் கறுப்புத் தோல் நாக்கில் என்ன செய்யும் என்று தின்றவர்களுக்குத் தெரியும். சித்தப்பா கொல்லைப்பக்கம் கை காட்டினார்.

“போய்த் துப்பு.”

துப்பினேன். மண்ணில் ஊதாவாக விழுந்தது.

“பாத்துக்க. துப்புன்னா இதுதான்டா” என்றார்.

மருந்தடித்த பழத்தைக் கழுவாமல் தின்றதற்காக அப்பத்தா உப்புத்தண்ணீர் கொடுத்து மிச்சத்தையும் வெளியே எடுத்தாள். விசாரணை முடிவில், அந்த வாரம் குறைந்த குலை மொத்தம் ஐந்து என்றும், அதில் மூன்று என் கணக்கு என்றும் தீர்ந்தது. மீதி இரண்டு குலைக்கு இன்றுவரை துப்பு இல்லை. தேவனின் துப்பறியும் சாம்புவைப் பிறகு படித்தபோது எனக்கு வயிறு எரிந்தது. சாம்புவும் அசடுதான். ஆனால் தடுக்கி விழுந்தால் திருடன் மேல் விழுகிற அதிர்ஷ்டம் அவருக்கு இருந்தது. கோபுலுவின் கோடும் இருந்தது. எனக்கு வாய்த்தது அசடு மட்டும்.

அதற்கு அப்புறமும் வடைப் பேப்பரில் நாலு தடவை மூச்சுவாலா வந்தார். ஒரு முறை தலை மட்டும். ஒரு முறை நாய் மட்டும். ஒரு முறை தலைப்பே இல்லை, மீசையின் ஒரு முனை மட்டும் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருந்தது, அதை வைத்து அடையாளம் கண்டேன். என் துப்பறியும் வாழ்க்கையில் வெற்றி என்று சொல்ல அது ஒன்றுதான். அந்த நாலு பக்கத்தையும் உடைந்த சைக்கிள் மணியோடு சேர்த்துப் போட்டுப் பேரீச்சம்பழம் வாங்கித் தின்றது யார் என்று தம்பியைக் கேளுங்கள். நான்தான் என்பான்.

1995-ல் வேலை தேடித் தாம்பரம் போனேன். சானடோரியம் பக்கத்தில் ஒரு அறை. கூட இருந்தவர்களில் ஒருவர் போபால்காரர், ஏற்றுமதி வளாகத்தில் ஒரு கம்பெனியில் வேலை. ஒரு ராத்திரி கரண்டு போய் மொட்டை மாடியில் உட்கார்ந்திருந்தபோது சின்ன வயசில் படித்த புத்தகங்கள் பற்றிப் பேச்சு வந்தது. அவர் டார்கெட் என்றார். எனக்குப் புல்லரித்தது. “நானும் படிச்சிருக்கேன்” என்றேன். ஐந்து கிழிசல் பக்கத்தை வைத்துக்கொண்டு ‘படிச்சிருக்கேன்’ என்ற வினைமுற்றைப் போட்டேன். அவர் டிடெக்டிவ் மூச்வாலா என்றார். நான் விடவில்லை. மூச்சுவாலா மூச்சை அடக்குவது பற்றியும், மீசை மூக்கை மூடுவது பற்றியும், இரண்டு எச் பற்றியும், தெரிந்த இங்கிலீஷில் பத்து நிமிஷம் விளக்கினேன்.

அவர் சிரிக்கவில்லை. அதுதான் கொடுமை. கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தன் மீசையைத் தொட்டுக் காட்டி, “மூச்” என்றார். இந்தியில் மூச் என்றால் மீசை. மூச்வாலா என்றால் மீசைக்காரர். அவ்வளவுதான். “பூச்?” என்று கேட்டேன், ஒரு கடைசி நம்பிக்கையில். இங்கிலீஷில் செல்லமாக நாயை அப்படிச் சொல்வார்களாம்.

பத்து வருஷ யோகப் பயிற்சி அந்த மொட்டை மாடியில் முடிந்தது. “தெரியும், தமிழ்ல அது ஒரு சிலேடை” என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போனேன். இந்தியை எதிர்த்த மாநிலத்தில் பிறந்ததைச் சாக்காகச் சொல்லலாம்தான். ஆனால் மீசை படத்திலேயே இருந்தது. ஆளைவிடப் பெரிசாக இருந்தது. கண் முன்னால் இருந்ததை விட்டுவிட்டு நான் எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தேன்.

மீசைக்காரர் என்று தெரிந்த பிறகு மீசை வளர்க்க நினைத்தேன். எங்கள் பக்கம் மீசை என்பது பட்டா மாதிரி. ஆளுக்கு ஒன்று இருந்தாக வேண்டும். விளக்கெண்ணெய் தடவினேன், முடி இல்லாத இடத்தில் தினமும் சவரம் செய்தேன். வந்தது. இந்தப் பக்கம் பதினாறு முடி, அந்தப் பக்கம் பதினொன்று. ஊருக்குப் போனபோது சித்தப்பா பார்த்துவிட்டு, “கவாத்து பண்ணுனா தழையும்டா” என்றார். திராட்சைக்காரர் ஆறுதல்.

இனி, மெய்யாகவே துப்பறியத் தெரிந்தவர்கள் எப்போதோ கண்டுபிடித்திருக்கக்கூடிய விஷயம். மூச்வாலாவை வரைந்தவர் யார்?

1990களில் நூலகத்துக்குப் போனால் முதலில் இந்தியா டுடேயை எடுப்பேன். முதலில் புரட்டுவது கேலிச்சித்திரம். அஜித் நைனான் என்று இருக்கும். ‘சென்டர்ஸ்டேஜ்’ என்ற அவருடைய வரிசையில் டெல்லி அரசியல்வாதிகள் வேஷம் கட்டின நடிகர்கள் மாதிரி வருவார்கள். பின்னால் டைம்ஸ் ஆஃப் இந்தியாவில் பார்த்தேன். அவசரநிலைக் காலத்தில், குளியல் தொட்டிக்குள் இருந்தபடியே ஜனாதிபதி அவசரச் சட்டத்தில் கையெழுத்துப் போடுகிற படத்தை 1975 டிசம்பரில் வரைந்த அபு ஆபிரகாம் இவருக்கு நெருங்கிய உறவு என்பதும் எங்கோ படித்துத் தெரிந்துகொண்டேன். கார்ட்டூன் ரசிகன் என்று நாலு பேரிடம் சொல்லிக்கொள்ளும் அளவுக்கு எல்லாம் தெரியும். தெரியாதது ஒன்றுதான். பிரதமர்களை வரைந்த அந்தக் கைதான் என் வடைப் பேப்பரில் நாயை வரைந்தது. அந்தப் பக்கத்தில் கையெழுத்து இருந்திருக்க வேண்டிய மூலை வடைக்கடைக்காரர் கையில் தங்கிவிட்டது. சரி, கோட்டைப் பார்த்துக் கண்டுபிடித்திருக்கலாமே? மீசையையே பார்க்காதவன் கோட்டையா பார்ப்பான்?

2023-ல் தெரிந்தது. செப்டம்பர் 8 அன்று அஜித் நைனான் மைசூரில் காலமானார். வயது 68. அஞ்சலிக் குறிப்புகளில் ஒன்றில், அரசியல் கேலிச்சித்திரம் பற்றி எல்லாம் சொன்ன பிறகு கடைசியில் ஒரு வரி இருந்தது. டார்கெட் சிறுவர் இதழில் டிடெக்டிவ் மூச்வாலாவை வரைந்தவர். டீ ஆறிப்போனது. டார்கெட் என்பது இந்தியா டுடே குழுமமே 1979-ல் டெல்லியிலிருந்து தொடங்கிய பத்திரிகை, ரோசலிண்ட் வில்சன் அதன் ஆசிரியர் என்பதெல்லாம் அன்றைக்குத்தான் தெரியும். நான் நூலகத்தில் புரட்டியதும் வடைக்கடையில் கிடைத்ததும் ஒரே வீட்டுப் பத்திரிகைகள். அண்ணனை மேஜையிலும் தம்பியை எண்ணெயிலும் பார்த்துக்கொண்டு இரண்டு பேரும் வேறு வேறு வீடு என்று இருந்திருக்கிறேன்.

அதற்குக் கீழே இன்னொரு அடி. நைனான் அரசியல் அறிவியல் படித்தது சென்னை கிறித்தவக் கல்லூரியில். தாம்பரம். அந்தக் கல்லூரி மதிலை ஒட்டி மூன்று வருஷம் நடந்திருக்கிறேன். அந்த மதிலுக்கு ஐந்து நிமிஷ தூரத்து மொட்டை மாடியில்தான் மூச்சுப் பயிற்சி பற்றி உரையாற்றினேன்.

அன்று மாலை ஒரு சிற்றிதழ் நண்பர் போன் செய்தார். “நீங்கதான் அவரைப் பத்தி அடிக்கடி சொல்வீங்களே, அறுநூறு வார்த்தை கொடுங்க” என்றார். அடிக்கடி சொன்னது உண்மைதான். அரைகுறையாகத் தெரிந்த எதையும் நான் அடிக்கடிதான் சொல்வேன். ராத்திரி உட்கார்ந்தேன். மூச்வாலா கதை ஒன்றை முதலிலிருந்து கடைசி வரை நினைவுபடுத்த முயன்றேன். ஒன்றுகூட இல்லை. ஒரு வழக்குகூட எனக்குத் தீர்ப்பு தெரியாது. நாற்பது வருஷமாக நான் ரசிகனாக இருந்தது ஒரு மீசைக்கும் ஒரு நாய்க்கும் ஒரு எண்ணெய் வட்டத்துக்கும். யோசிக்க யோசிக்க, எனக்குத் தெரிந்ததாக நான் சொல்லிக்கொள்கிற மற்ற விஷயங்களும் அப்படித்தான் என்று பட்டது. பிரெஞ்சு சினிமா, கர்நாடக சங்கீதம், பொருளாதாரம், எல்லாம் பொட்டலம் கட்டி வந்ததுதான். வடை போன பிறகு ஒட்டியிருந்ததைப் படித்தவன். நண்பருக்கு மறுநாள் காய்ச்சல் என்று சொல்லி அனுப்பினேன். அவர் டெங்குவா என்று விசாரித்தார். இருக்கலாம் என்றேன்.

போன தை மாதம் ஊரில் வீட்டைச் சுண்ணாம்பு அடிக்க ஒழித்தபோது, அம்மா வீட்டுவரி ரசீதுகள் வைக்கிற தகரப் பெட்டியின் அடியில் விரித்திருந்த காகிதத்தை எடுத்தேன். அந்த முதல் பக்கம். பழுத்து, மடிப்பில் பொடிந்து, நடுவில் எண்ணெய் வட்டம் தேன் நிறத்தில். மீசை அப்படியே இருந்தது. “வடைப் பேப்பருடா அது, தூரப் போடு” என்றாள் அம்மா. போடவில்லை. அந்த அறுநூறு வார்த்தைக்குப் பதிலாகச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுவது என்று முடிவெடுத்தேன்.

தேனியில் ஒரு சட்டம் போடும் கடை. உள்ளே நுழைந்தால் சுவர் முழுக்க பென்னிகுயிக். 1895-ல் முல்லைப் பெரியாறு அணையைக் கட்டி எங்கள் பள்ளத்தாக்குக்குத் தண்ணீர் திருப்பிய துரை. அவருக்குப் பொங்கல் வைக்கிற ஊர் இது. கடைக்காரர் வெளியே போயிருந்தார். பையன் ஒருவனிடம் உறையோடு கொடுத்துவிட்டு வந்தேன். சாயங்காலம் கடைக்காரர் போன் செய்தார்.

“சார், எந்தப் பக்கம் தெரியணும்?”

“மீசைக்காரர் இருக்கிற பக்கம்” என்றேன். பஸ்ஸில் இருந்தேன், அதற்கு மேல் பேச முடியவில்லை.

“பென்னிகுயிக் துரையா சார்?”

“இல்லங்க. இது சின்னப் பசங்க படம். மீசை இருக்கும் பாருங்க.”

“ஆமா, இருக்கு சார். நல்லாத் தெரியுது.”

இரண்டு நாள் கழித்துப் போனேன். தேக்குக் கலர் சட்டம், மேலே கண்ணாடி. உள்ளே சத்துபான விளம்பரப் பையன், பால் மீசையோடு, என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். பேப்பர் பொடிகிறதே என்று கடைக்காரர் அக்கறையாகப் பின்பக்கம் முழுக்கப் பசை தடவி அட்டையில் ஒட்டியிருந்தார். இனிப் பிரித்தால் இரண்டு பக்கமும் வராது. “மீசை நல்லா எடுப்பா வந்துருக்குல்ல சார்?” என்றார். நான் சொன்னதில் தப்பில்லை, அவர் செய்ததிலும் தப்பில்லை. காசைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஹாலில் மாட்டியிருக்கிறேன். வருகிறவர்கள் சின்ன வயசில் அந்தப் பானம் குடித்ததை நினைத்துக்கொள்கிறார்கள். நான் ஒன்றும் சொல்வதில்லை. சாயங்கால வெயில் ஜன்னல் வழியாக விழுகிறபோது மட்டும் அந்த எண்ணெய் வட்டத்துக்குள்ளே, பையனின் முகத்துக்குப் பின்னால், மங்கலாக ஒரு கறுப்பு மீசை தெரியும். சுவரைப் பார்த்தபடி, சத்தம் காட்டாமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒளிந்திருக்கிறார்.